இரண்டாவது கையெழுத்து

– …அதான் சொல்றேன், பண்ணையாருக்கு முட்டி போயிடுச்சு மாப்ள. ஸ்டியரிங்கைத் திருப்புற ஒவ்வொரு வளைவுலயும் முனகுறாரு.

– முனகுறது அவரா, நீங்களா மாமா?

– ரெண்டு பேரும்தான். தள்ளி உக்காரு, காலை நீட்டிக்கிறேன்.

– இந்தாங்க டீ. ஆறிப்போச்சு.

– சூடா இருந்தா மட்டும் என்ன வாழுதாம், குடு. எட்டு மணி நேரம் உக்காந்தே இருந்துட்டு வந்து, மறுபடியும் உக்காந்தாதான் நிம்மதியா இருக்கு. இதச் சொன்னா உங்க அக்கா சிரிக்கிறா.

– சிரிச்சாளா?

– சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இப்பல்லாம் அவ என்ன சொல்றான்னே புரியல. எல்லாத்தையும் வாய்க்குள்ளயே முணுமுணுக்குறா. அவளுக்கும் வயசாகுதுல்ல.

– ம்… மகாராணி தொட்டாச்சா?

– பன்னெண்டரைக்குத் தொட்டா. மூணு லட்சம் கிலோமீட்டர். மூணுக்குப் பின்னால எல்லா நம்பரும் பூஜ்ஜியமாகி வந்து நின்னுச்சு. பின்பக்க வளைவுல, ஒரு ஈ காக்கா இல்லாத இடத்துல. ஸ்டியரிங்கை லேசா ஒரு தட்டு தட்டிக் குடுத்தேன். வேற யாரு தட்டப் போறா.

– அஞ்சு மாசம் முன்னாடியே தொட வேண்டியவ. நாமதான் அவளப் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டு…

– அதை இப்ப ஏன் எடுக்குற? போன வாரம் வீட்டுக்கு வந்தாரே உங்க சித்தப்பா, அவர் கேட்டதைக் கேளு. "மாப்பிள்ளை பெரிய பந்தயக் காரெல்லாம் ஓட்டுறாராமே, எது வரைக்கும் போவாரு?"ன்னாரு. கிளம்பின இடம் வரைக்கும்னேன். முழிக்கிறாரு. ஒரு சுத்து ஆறு கிலோமீட்டருங்க, காலையில ஆறு மணிக்கு ஏறினா மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் அதே வட்டம், அப்புறம் உங்க அண்ணன் மகன் ஏறுவான், அதே வட்டம், இந்த மாதிரி வண்டியெல்லாம் கிழடானா எது எது எப்பப்ப கழண்டு விழும்னு பாத்து எழுதறதுதான் எங்க வேலைன்னு சொன்னேன்.

– அதுக்கு என்ன சொன்னார்?

– "வண்டி கழண்டு விழுறது இருக்கட்டும், நீங்க?"ன்னாரு. மனுசன் சரியான ஆளு.

– சரியாத்தான் கேட்டிருக்கார்.

– பாரேன், ஒண்ணு ஒண்ணும் ஒவ்வொரு மாதிரி கிழடாகுது. பண்ணையார் இருக்காரே, எட்டு சிலிண்டரு, முன்னாடி அவ்வளவு பெரிய வயிறு. நேர் ரோட்டுல விட்டா இன்னைக்கும் மைனர் மாதிரி பறப்பாரு. ஆனா ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவ ஆயில் ஊத்தணும். சீட்டுத் தோலெல்லாம் வெடிச்சு… வசதியா இருந்த ஆளு வயசான மாதிரி. ஜம்பம் குறையல, உடம்பு கேக்கல.

– குருவி?

– குருவி ஏழை வீட்டுப் பிள்ளைடா. சின்ன எஞ்சின், அதுல ஒரு மண்ணும் ஆகாது. கியர் இன்னைக்கும் வெண்ணெய். ஆனா மேல துணிக்கூரை மடியிற இடத்துல கிழிஞ்சிடுச்சு, மழை பேஞ்சா சரியா என் முட்டி மேலதான் சொட்டும். அடியில பூரா துரு. மேல பாத்தா பளிச்சுன்னு இருக்கும்.

– மகாராணி?

– அவளுக்கு என்ன. நல்லா இருக்கா.

– மூணு லட்சத்துக்கு அப்புறமும்?

– கதவு சாத்தினா இன்னைக்கும் "தப்"புன்னு ஒரே சத்தம். சீட்டு தளரல. பிரேக்கு மிதிச்சா மொத நாள் எப்படியோ அப்படி. கண்ணாடியை ஏத்திட்டா வெளி உலகமே இல்ல, கோயில் மாதிரி இருக்கும் உள்ள. நான் ஓட்டினதுலயே இவ்வளவு அழகா வயசான வண்டி வேற கிடையாது.

– ஆனா நாளைக்குப் போற ரிப்போர்ட்ல அவதான் தேறாதவ.

– …டீயில சக்கரையே இல்ல.

– மாமா.

– கேக்குது, சொல்லு.

– எஞ்சினியரம்மா என்னை வண்டியில ஏத்தாம, ரெண்டு பேரையும் எதுக்கு வரச் சொல்லியிருக்காங்கன்னு தெரியும்ல?

– மூணு மணிக்கு மைக்ல கூப்பிடுறேன்னாங்க. நம்ம தலைக்கு மேலதான ஸ்பீக்கர் பொட்டி இருக்கு. கூப்பிட்டா போவோம். இப்ப மணி என்ன?

– ரெண்டே முக்கால்.

– அப்புறம் என்ன, இருக்குல்ல நேரம். முதுகைக் கொஞ்சம் அமுக்கி விடேன்… ஆங், அங்கதான்.

– அந்தம்மா முகத்தைப் பாத்தீங்களா இன்னைக்கு? கண்ணுக்குக் கீழ கருகருன்னு. வண்டிக்குள்ள ஆறு மைக் வெச்சு மூணு நாளா பதிவு பண்ணியிருக்காங்க மாமா. உக்காந்து அத்தனையும் கேட்டிருக்காங்க. ஒண்ணும் இல்ல.

– மைக்குக்கு என்ன தெரியும்.

– டர்போ ரெண்டு தடவ மாத்தியாச்சு. நாலு சக்கரத்துக்கும் பேரிங் மாத்தியாச்சு. கியர்பாக்ஸை இறக்கி, பிரிச்சு, துடைச்சு, மறுபடி மாட்டி… அப்புறமும் ஒவ்வொரு வாரமும் சத்தப் புத்தகத்துல ஒரே வரி. "விசில் சத்தம் தொடர்கிறது."

– கேட்டுச்சு, எழுதினேன்.

– நானும் கீழ கையெழுத்துப் போட்டேன்.

– போட்டல்ல? அப்ப என்ன. ஒருத்தன் கேட்டா அது டிரைவர் பேச்சு, ரெண்டு பேரு கையெழுத்து விழுந்தா அது வண்டிக் கோளாறு. கம்பெனி சட்டம் அதுதான. நாமளா போட்டோம் சட்டத்தை?

– சட்டத்தைக் கேக்கல மாமா. ஒரு லட்சத்து எண்பதாயிரத்துலயே மர்மமா விசில் அடிக்கிற மாடல்னு ரிப்போர்ட் போகும். காரணம் கண்டுபிடிக்க முடியலன்னு அந்தம்மா பேரு கீழ இருக்கும். மூணு வருசமா அந்த வண்டிய அவங்க பாத்துக்கிட்ட மாதிரி யாரும் பாத்துக்கல. நாளைக்கு அவங்களை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க.

– என்ன பண்ணச் சொல்ற. களைப்பா இருக்குடா. கண்ணை மூடினா அந்த வட்டம்தான் சுத்துது.

– ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லுங்க. இன்னைக்குக் காலையில கேட்டுச்சா?

– கேட்டுச்சு.

– பண்ணையாருக்குள்ள?

– அவரு போடுற கத்தல்ல தன் குரலே தனக்குக் கேக்காது.

– குருவிக்குள்ள?

– கூரை கிழிஞ்ச வண்டியில என்னத்தக் கேக்குறது, ஒரே காத்து.

– அப்ப அமைதியா இருக்குற வண்டியில மட்டும்தான் கேக்குது. செவ்வாய்க்கிழமை அவளுக்குள்ளதான இருந்தீங்க.

– வேணாம் மாப்ள.

– வேணும் மாமா. டயர் துண்டு கிடக்குன்னு தடத்தைக் கூட்டுற அண்ணன் பின்பக்க வளைவுல இறங்கினார். சைரன் போட்டாங்க. சைரன் போட்டா அந்த நிமிசமே வேகத்தைக் குறைக்கணும். நீங்க நூத்தி எண்பதுல வந்தீங்க. அந்த மனுசன் தொடப்பத்தைத் தூக்கிப் போட்டுட்டு புல்லுல விழுந்து உருண்டார்.

– சைரன் லேட்டாப் போட்டாங்கன்னு நீயே ஆபீசுல சொன்னியே.

– சொன்னேன். பொய் சொன்னேன். நான் அப்ப டீ வாங்க மெஷின்கிட்ட நின்னுட்டிருந்தேன். எனக்கு அங்கேயே கேட்டுச்சு. கண்ணாடி வழியா பாத்துட்டே நிக்கிறேன், நீங்க வரீங்க, வரீங்க, குறையவே இல்ல… கையில இருந்த டீ மேல கொட்டினது கூடத் தெரியல. ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல.

– …அவருக்கு அடி ஒண்ணும் இல்லியே.

– முழங்கை சிராய்ச்சிருக்கு. அன்னைக்கு ஒண்ணும் ஆகல. நாளைக்கு?

– நான் போய் மன்னிப்புக் கேட்டேன்டா அவர்கிட்ட. ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு. அவரு ஏதோ சொன்னாரு. என்ன சொன்னாருன்னு… சரியா விளங்கல. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, அதனால நல்லதாத்தான் இருக்கும்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்.

– மாமா…

– சரி, சொல்லிடுறேன். உங்கிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்லப் போறேன். ரெண்டு லட்சத்து நாப்பதாயிரத்துல கியர்பாக்ஸ இறக்கினாங்கல்ல, எட்டு நாள் வேலை இல்லன்னு வீட்டுல கிடந்தோமே…

– ஆமா.

– மொத நாள் மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தேன். உங்க அக்கா ஃபேனை நிறுத்திட்டா, கரகரங்குதுன்னு. வீடு அப்படியே அமைதியா ஆச்சு. தலகாணியில கன்னத்தை வெச்சேன்…

– ஒரு நிமிசம் மாமா.

– என்ன?

– …ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

– கேக்குதுடா. கீ…ன்னு. மெல்லிசா. அதே விசில், அதே சுருதி. வண்டி பட்டறையில பிரிச்சுக் கிடக்கு, எஞ்சின் ஒரு பக்கம், கியர்பாக்ஸ் ஒரு பக்கம். விசில் மட்டும் என் தலகாணியில இருக்கு. எழுந்து உக்காந்தேன். குளிக்கிற இடத்துக்குப் போனேன், அங்கயும் இருக்கு. மாடிப்படியில போய் நின்னேன், அங்கயும். எட்டு நாளும் அது என்னை விட்டுப் போகல. வண்டிய மாட்டின பிறகு மொத தடவ அவளுக்குள்ள போய் உக்காந்து கதவைச் சாத்தினேன். "நீ இல்லம்மா"ன்னு வாய்விட்டே சொன்னேன். அழுகையா வந்துச்சு.

– அப்புறமும் புத்தகத்துல எழுதினீங்களே மாமா.

– எழுதினேன். எழுதாம என்ன பண்ணச் சொல்ற? கீழ உன் கையெழுத்து இருக்கே. அதுக்குள்ள ஒன்பது வாரம் போட்டிருந்த நீ. சத்தம் என் காதுலதான்னு நான் போய் சொன்னா, கேக்காத சத்தத்துக்கு நீ ஏன் போட்டேன்னு உன்னைத்தான மொதல்ல பிடிப்பாங்க. மாமன் சொல்லிட்டானேங்கிற மரியாதைக்குப் போட்ட புள்ளையை நானே மாட்டி விடுறதான்னு… பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதினேன்.

– மரியாதைக்கு இல்ல மாமா.

– என்ன?

– மரியாதைக்கு இல்ல. பாசத்துக்கும் இல்ல. பயத்துக்குப் போட்டேன்.

– என்ன பயம்?

– மொத வாரம் நீங்க எழுதி வெச்சிருந்தீங்க, இடது பக்கம் விசில் சத்தம்னு. நான் ஏறினேன். நூறுல போனேன், நூத்தி இருபதுல போனேன், ஏசியை நிறுத்திட்டுப் போனேன். ஒண்ணும் கேக்கல. பதினோரு வருசமா ஒரு சத்தத்தையும் நீங்க தப்பா எழுதினதில்ல. உங்களுக்குக் கேக்குறது எனக்குக் கேக்கலன்னா என்ன அர்த்தம்? என் காது போச்சுன்னு நெனச்சேன் மாமா. வேற என்ன நெனைக்கிறது. காது போன டிரைவரை ஒரு நாள் வெச்சிருப்பாங்களா? கேக்குதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அடுத்த வாரமும் கேக்கல, அடுத்த வாரமும் போட்டேன்.

– அடப் பாவி.

– வீட்டுல தனியா உக்காந்து தண்ணிக் குழாய் சொட்டுறது கேக்குதான்னு பாப்பேன். என் பொண்ணை அடுத்த ரூம்ல இருந்து மெதுவா என் பேரைச் சொல்லுன்னு சொல்லுவேன். அப்பாவுக்குப் பைத்தியம்னு அவங்கம்மாகிட்ட போய் சொல்லிடுச்சு.

– சிரிக்க வெக்காதடா, முதுகு வலிக்குது.

– ரெண்டு லட்சத்து ஐம்பதாயிரத்துல ஒரு நாள் தாங்க முடியாம டாக்டர்கிட்ட போனேன். யாருக்கும் சொல்லல. காதுல ஏதோ மிஷினை மாட்டி, கண்ணாடி அறைக்குள்ள உக்கார வெச்சு… வெளிய வந்து சொல்றாரு, "உங்க காது பச்சைக் குழந்தை காது மாதிரி இருக்கு, எதுக்கு வந்தீங்க?"ன்னு.

– ஓ.

– படி இறங்கும்போதுதான் உறைச்சுது. எனக்கு நல்லா இருக்குன்னா… அப்ப…

– அப்ப நான்.

– ஆமா.

– இத்தனை நாளா தெரிஞ்சிருந்தும் ஏன்டா சொல்லல?

– எப்படிச் சொல்றது? உங்களுக்கு இது ஒண்ணுதான் தெரியும்னு ஆயிரம் தடவ சொல்லியிருக்கீங்க. "ஸ்டியரிங்கை வாங்கிட்டாங்கன்னா நான் வெறும் சட்டைடா"ன்னு சொன்னீங்க ஒரு நாள். அதையும் மீறி வாயைத் திறக்கலாம்னா, என் கையெழுத்து அங்க உக்காந்திருக்கு. எனக்கு வெக்கமா இருந்துச்சு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு…

– அம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டோம்.

– ஆமா.

– நல்ல ஜோடி நாம. ஒருத்தனுக்கு இல்லாத சத்தம் கேக்குது, இன்னொருத்தன் கேக்காத சத்தத்துக்குக் கையெழுத்துப் போடுறான். நடுவுல அந்தப் பொண்ணு பாவம், கியர்பாக்ஸைக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டிருக்கு.

– எனக்கு ஒண்ணு தோணுது… இருங்க மாமா.

– என்ன, மேல எதைப் பாக்குற?

– …பல்லி.

– பல்லியா. சரி, நான் சொல்றதைக் கேளு. யோசிச்சுட்டேன். அந்தம்மா கூப்பிட்டதும் நானே மொதல்ல போறேன். சத்தம் வண்டியில இல்ல, எனக்குத்தான் தப்பாப் பட்டுடுச்சு, மாப்ளையை நான்தான் வற்புறுத்திப் போட வெச்சேன்னு சொல்லிடுறேன். மகாராணிக்கு நல்ல பேரு வந்துடும். அந்தப் பொண்ணுக்கும் வேலை போகாது.

– உங்களுக்கு?

– எனக்கு என்ன. மகாராணிதான் முடிஞ்சாச்சே. என்னைப் பண்ணையார்கிட்ட போட்டுடுவாங்க. ரெண்டு கிழமும் சேந்து முனகிக்கிட்டே ஓய்வு வரைக்கும் ஓட்டிடுறோம்.

– மாமா, சைரன்…

– அது மகாராணியோட கண்ணாடி கனம்டா. பண்ணையாருக்குள்ள எல்லாம் கேக்கும். காதே போயிடுச்சுன்னு முடிவு கட்டாத. விசில் ஒரு பக்கம் இருந்துட்டுப் போகுது, மத்தபடி காது நல்லாத்தான் இருக்கு. இப்ப உன்கூடப் பேசிட்டிருக்கேனா இல்லையா?

– நீங்க என் வாயையே பாத்துட்டிருக்கீங்க மாமா. நான் முதுகை அமுக்கினப்ப கூட கழுத்தைத் திருப்பி வெச்சுக்கிட்டு இருந்தீங்க.

– பேசுறவன் மூஞ்சியைப் பாத்துப் பேசுறது ஒரு குத்தமா?

– அக்கா முணுமுணுக்கல. தொண்டை வத்தக் கத்துறா. நேத்து போன்ல அழுதா. "எங்கிட்ட கோவமாடா அவருக்கு? நான் பேசினா திரும்பிக் கூடப் பாக்கல"ன்னு கேட்டா. பொம்பளைங்க குரல்தான் மொதல்ல போகும்னு டாக்டர் சொன்னார் மாமா. அவருகிட்ட உங்களைப் பத்தியும் கேட்டேன், பேரு சொல்லாம.

– …அவ அழுதாளா?

– ம்.

– நான் எங்கடா கோவப்பட்டேன் அவகிட்ட. ஒரு நாள் கோவப்பட்டதில்ல.

– அதை அவகிட்ட சொல்லுங்க. இன்னைக்கே சொல்லுங்க.

– சொல்றேன்… சொல்லிடுறேன். ஆனா மாப்ள, ஓட்டுறதை மட்டும் விட்டுக் குடுக்க முடியாதுடா என்னால. அந்த டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு. இவங்க பரிசோதனை வெக்கட்டுமே. மூணு மணிக்கு மைக்ல பேரு சொல்லிக் கூப்பிடட்டும். நல்லா உக்காந்து கேட்டுட்டு, டக்குன்னு எந்திரிச்சு நடந்து போறேன் பாரு. பொம்பளை குரல்தான அந்தம்மாவுது? அப்ப ஒத்துக்குவல்ல நீ? …இன்னும் கூப்பிடவே இல்லியே, மணி ஆகலயா?

– கூப்பிட்டாங்க மாமா. நீங்க தலகாணியில கன்னத்தை வெச்சதா சொன்னீங்களே, அப்ப ஒரு தடவ. அப்புறம் நான் மேல பாத்தது பல்லியை இல்ல. மூணாவது தடவ மைக்ல இல்ல… அந்தம்மாவே உங்க பின்னால கதவாண்ட வந்து நிக்கிறாங்க. "அண்ணே"ன்னு இப்பத்தான் கூப்பிட்டாங்க.